வலப்பக்க இருக்கையில் வீரபாகு

மார்ச் 3, திங்கள். ஹைதராபாத்

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேர்காணலில் ஏர்பஸ் விமானம், சென்னைத் தளம் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். இன்று வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகு ஏ.டி.ஆர் விமானம், குவாஹாட்டித் தளம் என்கிறார்கள். ஏர்பஸ் பெரிய ஜெட். ஏ.டி.ஆர் இரண்டு காற்றாடிகளைச் சுழற்றிக்கொண்டு சின்ன ஊர்களுக்குப் போகும் விமானம். தளம் என்றால் விமானியின் வேலை தொடங்குகிற ஊர், முடிகிற ஊர். சென்னையில் என் வீடு இருக்கிறது, மனைவி வடிவு இருக்கிறாள். குவாஹாட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு டீக்கடைகூட இல்லை.

"கம்பெனியோட தேவை மாறிடுச்சு" என்றார் பயிற்சிப் பிரிவுத் தலைவர்.

"என் தேவை மாறலை" என்றேன்.

அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் இருந்த பழைய கம்பெனி மூடப்படும்வரை நான் கேப்டன். இடப்பக்க இருக்கை, தோளில் நான்கு கோடு. இங்கே புதிதாகச் சேருகிற எல்லோரும் துணை விமானி, வலப்பக்க இருக்கை, இரண்டு கோடு. எனக்கு ஐம்பத்தாறு வயது. அறுபத்தைந்தில் எல்லா விமானியும் இறங்கியாக வேண்டும். அதற்குள் மறுபடி இடப்பக்கம் உட்காருவேன். இது வேண்டுதல் இல்லை, முடிவு.

தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டை தூக்கியவரின் மகன் நான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டே பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களைப் படித்து விமானித் தேர்வுகளை எழுதினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த அறையில் இருக்கும் எவருக்கும் நான் குறைந்தவன் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு நல்ல சேதி. இந்தத் தொழிலில் எல்லாம் வரிசைதான். முன்னால் சேர்ந்தவருக்கு விமானம், தளம், விடுமுறை எல்லாவற்றிலும் முதல் தேர்வு. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன்னால்? இந்தக் கம்பெனி வழக்கப்படி வயதில் மூத்தவர். ஆக எங்கள் அணியில் நான்தான் முதல் ஆள்.

கடைசி ஆள் சீனி முகம்மது. கீழக்கரைப் பையன், இருபத்து நான்கு வயது. என்னை "அங்கிள்" என்றான். நான் உன் அப்பாவின் தம்பி இல்லை என்றேன்.

"அப்ப காக்கான்னு கூப்பிடட்டுமா? எங்க ஊர்ல அண்ணன காக்கான்னுதான் சொல்லுவோம்."

கூப்பிடு என்றேன். மதியச் சாப்பாட்டில் அவன் "காக்கா, சாம்பார் வேணுமா?" என்று சத்தமாகக் கேட்க, இரண்டு மதுரைக்காரர்களுக்குப் புரை ஏறிவிட்டது. வடிவிடம் போனில் சொன்னேன். "பறக்கிறவருக்குப் பொருத்தமாத்தானே வச்சிருக்கான்" என்றாள்.

மார்ச் 31, திங்கள்

வகுப்புகள் முடிந்தன. எல்லாப் பரீட்சையிலும் முதல் மதிப்பெண். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று முதல் சிமுலேட்டர். பூமியில் நட்டு வைத்த விமானி அறை அது. ஆடும், குலுங்கும், உடம்பு நம்பிவிடும். பயிற்சி கேப்டன் ஒரு பெண். பெயர் ஜெஸ்லின், நாகர்கோவில் பக்கம். முப்பத்தொரு வயது. வகுப்பில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், முழங்கால் வலியால் கொஞ்சம் தாமதமாக.

"சார், ஏர்பஸ்ல இருந்து வந்திருக்கிய. கால் தூங்கும், பாத்துக்கிடுங்க" என்றது அந்தப் பெண்.

யாருடைய கால் தூங்கும் என்று கேட்க நினைத்தேன். முதல் புறப்பாட்டிலேயே விமானம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஜெட்டில் காலுக்கு அதிகம் வேலை இல்லை. இதில் எஞ்சின் சக்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் காலால் மிதித்து மூக்கை நேராகப் பிடிக்க வேண்டும். இரண்டாவது புறப்பாட்டில் பிடித்துவிட்டேன். சீனிக்கு நான்கு முறை ஆனது.

ஏப்ரல் 9, புதன்

எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும்; இடப்பக்கம் உட்கார்ந்தபோது அதை வலது கையால் தள்ளுவேன். இப்போது வலப்பக்கம் உட்காருவதால் இடது கையால். இந்த வயதில் கை மாற்றுவது சுலபமில்லை. என் இடது கை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டது. பிடி எங்கே என்று அதற்குப் பார்க்காமலே தெரிகிறது. தானாகப் போகிறது.

சட்டை இரண்டு துவைத்தேன். விடுதிக்காரன் சட்டைக்குக் கேட்கிற கூலி கொள்ளை.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்று சிமுலேட்டரில் தேர்வு. என்னைத் தோற்றவன் என்று எழுதிவிட்டார்கள். இது இரண்டாவது அநியாயம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடப்பக்கம் கேப்டனாக ஜெஸ்லின், வலப்பக்கம் துணை விமானியாக நான், பின்னால் பரிசோதகர். ஓடுபாதையில் ஓடும்போது ஒரு விதி உண்டு. விமானத்தை யார் ஓட்டினாலும், எஞ்சின் முழுச் சக்திக்கு வந்ததும் கேப்டனின் கை பிடிமேல் இருக்கும். துணை விமானி கையை எடுத்துவிட வேண்டும். நிறுத்துவதா, மேலே போவதா என்பதைக் கேப்டன் மட்டுமே முடிவு செய்யலாம். துணை விமானி பார்த்ததைச் சொல்லலாம். அதற்கு மேல் இல்லை.

நல்ல வேகத்தில் போகும்போது ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் "ஸ்டாப்!" என்றேன். பிடியைப் பின்னால் இழுத்தேன். ஜெஸ்லின் தள்ளிக்கொண்டிருந்தது, நான் இழுத்துக்கொண்டிருந்தேன். விமானம் புல்லில் போய் நின்றது.

நான் இழுத்தபோது எதிரே ஓடுபாதை தாராளமாக இருந்தது. ஜெஸ்லின் தள்ளாமல் இருந்திருந்தால் புல்வரை போயிருக்காது. இதைப் பரிசோதகரிடம் சொன்னேன்.

"அந்த வேகத்துக்கு மேல மஞ்சள் விளக்குக்கு நிறுத்தக்கூடாது. முதல் வகுப்புல படிச்சது" என்றார்.

"படிச்சேன். முதல் மதிப்பெண்."

"அப்ப ஏன் இழுத்தீங்க?"

இது என்ன கேள்வி. கேப்டன் இழுப்பார்.

வெளியே வந்ததும் ஜெஸ்லின் மெதுவாகக் கேட்டது: "சார், நிஜமாவே உங்க கை என் கை மேல இருக்குன்னு தெரியலையா? நான் ரெண்டு தடவ 'விடுங்க'ன்னு சொன்னேனே."

எனக்குக் கேட்கவில்லை. அந்த இயந்திரத்தின் இரைச்சல் அதிகம். பராமரிப்புக்காரர்கள் பார்க்க வேண்டும்.

மறுதேர்வு பத்து நாளில். அதிலும் தோற்றால் வேலை இல்லை. என் வயதில் வேறு கம்பெனி எடுக்காது.

ஏப்ரல் 20, ஞாயிறு. சென்னை

ஒரு நாள் விடுப்பில் வீடு. வடிவு சொதி வைத்திருந்தாள். தோற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மோருக்குச் சோறு போடும்போது மட்டும், "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றாள்.

"கேக்கலியான்னு கேக்குது."

"கேட்டுதா?"

"மோர் ஊத்து."

மாலை அவளே காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டாள். பல்லாவரம் மேம்பாலம் இறங்கும்போது ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை, வாயையும் மூடவில்லை.

வடிவு என் கையைத் தட்டிவிட்டாள். நிஜமாகவே அடி. "எத்தன வருசமா இப்பிடி இழுக்கீங்க? அந்த ஆட்டோவ எனக்குத் தெரியாதா? நான் ஒதுங்கத்தானே போனேன். இது என் வண்டி. கைய எடுங்க."

விமான நிலையம் வந்தது. இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றாள்.

கைப்பிரேக் நன்றாக வேலை செய்கிறது. டயர் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள். ஹைதராபாத்

சாப்பாடு சரியில்லை.

ஏப்ரல் 23, புதன்

சீனி தேறிவிட்டான். ஊருக்குப் போகாமல் என் அறைக்கு வந்தான். கையில் விமானி அறையின் பெரிய படம், சுவரில் ஒட்டுவதற்கு. இரண்டு நாற்காலிகளை அதன் முன்னால் போட்டான். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தண்ணீர் பாட்டில். அதுதான் எஞ்சின் பிடி.

"காக்கா, நான் கேப்டன். நீங்க வலப்பக்கம் உக்காருங்க."

"நீயா?"

"எனக்கும் ஆசை இருக்காதா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவன் வாயாலேயே எஞ்சின் சத்தம் கொடுத்தான். அது ஏ.டி.ஆர் மாதிரி இல்லை, மாவரைக்கும் கிரைண்டர் மாதிரி இருந்தது. "மஞ்சள் விளக்கு!" என்றான். பாட்டில் என் கையில் இருந்தது.

மறுபடி. பாட்டில் என் கையில்.

மறுபடி. இந்த முறை மூடி திறந்து படுக்கையெல்லாம் தண்ணீர்.

"காக்கா, துண்டு எடுத்து கையக் கட்டிப் போடட்டுமா?"

"என் கையைக் கட்ட இன்னொருத்தன் வேண்டாம்."

"சரி, அப்ப நீங்களே புடிச்சுக்கங்க."

இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். அவன் தீ என்றான், டயர் வெடித்தது என்றான், கதவு திறந்துவிட்டது என்றான். கை துடித்தது. ஒவ்வொன்றையும் பார்த்ததாக மட்டும் சொன்னேன். நிறுத்துவதும் போவதும் அவன் சொன்னான், சரியாகவே சொன்னான். சாயங்காலம் அறை துடைக்க வந்தவர் கதவைத் திறந்து, நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து "தீ! தீ!" என்று கத்துவதைக் கண்டு, வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். சீனி பின்னாலேயே ஓடிச் சமாதானம் செய்து கூட்டிவந்தான்.

நான் எப்போதும் விளக்கைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். இதில் மாற்றம் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

தேறினேன்.

அதே மஞ்சள் விளக்கு. பார்த்தேன், பெயர் சொன்னேன். கை தொடையில். ஜெஸ்லின் "கன்டினியூ" என்றது, மேலே போனோம். அடுத்த முறை எஞ்சின் தீ. பார்த்தேன், சொன்னேன். "ஸ்டாப்" என்றது, நின்றோம். ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே.

கையைப் பிடியில் வைத்துக்கொண்டு இழுப்பது யாராலும் முடியும். இழுக்கத் தெரிந்த கையை இழுக்காமல் வைத்திருப்பதற்கு வேறு பலம் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. இன்று அந்தப் பரிசோதகரும் பார்த்தார்.

குளிக்கும்போது தொடையில் நகத்தடம் தெரிந்தது, வரிசையாக. ஹைதராபாத்தில் கொசு அதிகம்.

மே 21, புதன். குவாஹாட்டி

தளத்துக்கு வந்து சில நாளாகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஓயாத மழை. சட்டை காய நாளாகிறது. வீட்டுக்கார அம்மா மீன் குழம்பில் புளிக்குத் தக்காளி போடுகிறார், ஆனால் மீன் நல்ல மீன்.

நேற்று இந்த விமானத்தில் முதல்முறையாகப் பயணிகளோடு பறந்தேன். பிரம்மபுத்திரா ஆறு மாதிரித் தெரியவில்லை, எங்கள் ஊர்க் கடலைக் கலக்கி ஊற்றியதுபோல் இருந்தது. ஜெட்டில் இதெல்லாம் மேகத்துக்குக் கீழே எங்கேயோ கிடக்கும். இதில் மலைக்கு நடுவே, மலையைப் பார்த்துக்கொண்டே போகிறோம். காலும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன. இறங்கும்போது பக்கக் காற்று வலுவாக இருந்தது. நான்தான் இறக்கினேன். சக்கரம் தொட்டது பயணிகளுக்குத் தெரிந்திருக்காது.

ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றியது மாற்றியதுதான்.

பயிற்சி கேப்டன்களையும் ஊர் ஊராக மாற்றுகிறார்கள். ஜெஸ்லினும் இங்கேதான் வந்திருக்கிறது. உணவறையில் பார்த்ததும், "சார், இங்க தேங்காய்க்குப் படுற பாடு இருக்கே" என்றது. எனக்கு வடிவு அனுப்பிய தேங்காய்த் துவையல் பொடியில் பாதி கொடுத்தேன். அதிகாரிக்குக் கொடுத்தது இல்லை, நாஞ்சில் நாட்டுக்காரிக்குக் கொடுத்தது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மலையடியில் ஒரு சிறிய நிலையம். மழை விட்டிருந்தது. பயணிகள் நிறைந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு கைக்குழந்தை, கதவு மூடும்வரை அழுதுகொண்டிருந்தது. கேப்டன் ஜெஸ்லின் ஓட்டினார். நான் மானிகளைப் பார்த்து வேகம் சொல்ல வேண்டியவன்.

ஓட ஆரம்பித்தோம். வேகம் கூடிக்கொண்டிருந்தது. வலப்பக்கப் புல்வரிசை அசைந்தது, என் ஓரக்கண்ணில். என் ஜன்னல் பக்கம், கேப்டனுக்குத் தெரியாத பக்கம். புல்லிலிருந்து ஓர் ஆடு, அதன் பின்னால் இன்னும் சில.

என் கை எழுந்தது. அதை மறைக்கப்போவதில்லை. எழுந்ததை நானே பார்த்தேன். பார்த்து, தொடையில் வைத்தேன்.

"ஆடு! வலப்பக்கம்!" என்று கத்தினேன்.

சொல்லி முடிக்கும் முன் கேப்டன் "ஸ்டாப்" என்று சொல்லிவிட்டார், பிடி பின்னால் வந்துவிட்டது. அந்தக் கையோடு சண்டை போட இன்னொரு கை இல்லை. விமானம் ஒரு கோடு கிழித்ததுபோல் நேராக நின்றது. ஆடுகள் மூக்குக்கு முன்னால், அவசரமே இல்லாமல், கடந்து போயின. கடைசியாக வந்தது நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம்தான் அந்தக் குழந்தையின் அழுகை கேட்டது. நல்ல குரல்.

பயணிகளுக்கு அறிவிப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சேதி, சக்கரப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு கேப்டன் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லலைன்னா நான் பாத்திருக்க மாட்டேன்."

"நீங்க நிறுத்தலைன்னா நான் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, கேப்டன்."

அவர் சிரித்துவிட்டார். "குரல் பதிவுப் பெட்டியில 'ஆடு'ன்னு விழுந்திருக்கும். டெல்லில உக்காந்து கேக்குறவன் மண்டையப் பிச்சுக்கிடுவான்."

"தமிழ் கத்துக்கிடட்டும்" என்றேன்.

ஜூலை 7, திங்கள்

எதிர்பார்த்தது வந்துவிட்டது. சென்னைத் தளம், ஏர்பஸ், துணை விமானி, ஓர் இடம். எங்கள் அணியில் முதலில் என்னைக் கேட்டார்கள், வயதில் மூத்தவன் என்பதால். பயிற்சிப் பிரிவுத் தலைவரே போன் செய்தார். முதல் நாள் அடுத்தவரைக் கூப்பிட்ட அதே மனிதர்.

"நீங்க கேட்டதேதான் சார். ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. ஏர்பஸில் எனக்கு முன்னால் நீண்ட வரிசை. அங்கே போனால் அறுபத்தைந்து வரை வலப்பக்கம்தான். இங்கே வரிசை சிறியது. எல்லோரும் ஏர்பஸ் கேட்டு ஓடுவதால் இன்னும் சிறியதாகும். ஒன்றிரண்டு வருடத்தில் இடப்பக்க இருக்கை வரும். இது கணக்கு, வேறு காரணம் எதுவும் இல்லை. மலையும் ஆறும் இந்த விமானத்தில் காலுக்கு இருக்கும் வேலையும் பிடித்திருக்கின்றன என்பது தனி விஷயம்.

வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். பிறகுதான் வடிவுக்குப் போன் செய்தேன். வரிசையை மாற்றிச் செய்திருக்கலாம்.

அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இல்ல."

"இங்கயும் இழுத்துட்டீங்க."

பதில் சொல்ல வாய் திறந்தேன். சொல்ல எத்தனையோ இருந்தது. வாயை மூடிக்கொண்டு, "நீ சொல்லு, வடிவு" என்றேன். போனில் காத்திருந்தேன். அவள் குக்கரை இறக்கிவிட்டு வந்தாள்.

"சென்னைக்கு வந்தா ரிட்டயராகுற வரைக்கும் முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவீங்க. அதப் பாக்க என்னால முடியாது. அங்கயே கேப்டனாகுங்க. ஆனா நான் வருவேன். வந்தா அந்த ஊர்ல வண்டி நான்தான் ஓட்டுவேன். நீங்க பின் சீட்டு."

"பின் சீட்டா?"

"முன்னால உக்காந்தா கை நிக்காது."

பின் சீட்டு என்று முடிவானது.

ஜூலை 8, செவ்வாய்

இனி ஆக வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

கம்பெனி, சேரும்போது சொன்ன விமானத்தையும் தளத்தையும் பிறகு மாற்றினால், மாற்றியதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதித் தர வேண்டும். எனக்கு மட்டுமில்லை, இனி சேருகிற எல்லோருக்கும். இதை நான் விடப்போவதில்லை. நாளை மறுநாள் தலைவருக்கு எழுதுகிறேன்.

பராமரிப்புக்காரர்கள் சிமுலேட்டரின் இரைச்சலைப் பார்க்க வேண்டும்.

சீனி, நான் வேண்டாம் என்ற இடம் சுற்றி வந்து தன்னிடம் நின்றால், யோசிக்காமல் ஏர்பஸ் என்று குதிக்கக் கூடாது. என்னைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவன் முடிவை அவனே எடுக்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மா கீழே கார் நிறுத்த இடம் ஒழித்துத் தர வேண்டும். பேசியாயிற்று.

வடிவு பல்லாவரம் வீட்டைப் பூட்டிச் சாவியை அவள் தங்கச்சியிடம் கொடுக்க வேண்டும். டயரை மாற்ற வேண்டும். இரண்டு கம்பளி, நெத்திலிக் கருவாடு, துவையல் பொடி கேப்டனுக்கும் சேர்த்து. பீரோவின் மேல்தட்டில் நான்கு கோடு போட்ட தோள்பட்டைகள் இருக்கின்றன. அந்துருண்டை போட்டு அவற்றையும் எடுத்துவர வேண்டும். இங்கே ஈரம் அதிகம், பத்திரமாக வைக்க வேண்டும், தேவைப்படும்.

கேப்டன் ஜெஸ்லின் நாளைக் காலைப் புறப்பாட்டை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தர வேண்டும்.

நான் இஸ்திரி போட வேண்டும். சீக்கிரம் படுக்க வேண்டும். காலையில் ஓடுபாதையில் நின்று, பிடியை முன்னால் தள்ளி, எஞ்சின் முழுச் சக்திக்கு வந்ததும், கேப்டன் தன் கையை அதன்மேல் வைப்பார். வைத்ததும் நான் என் கையை எடுத்துவிட வேண்டும்.